கம்போடியாவுக்குப் புறப்படும் மகளுக்கு

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு அப்பா எழுதுவது.

மருத்துவமனையில் உனக்கு மூன்று மாத விடுப்பு கிடைத்துவிட்டதென்றும், பிப்ரவரியில் கம்போடியாவின் பட்டம்பாங் மாநிலத்தில் ஒரு மிஷன் நடத்தும் பிள்ளைகள் இல்லத்துக்கு ஊழியத்துக்குப் போகிறாயென்றும் அம்மா சொன்னாள். ஞாயிறு ஆராதனையில் நம் சபைப் போதகர் ஐயரும் உன் பெயரைச் சொல்லி ஜெபித்தார். எனக்கும் சந்தோஷமே. ஆயினும் போனில் சொல்ல நா எழாத சில காரியங்களை எழுதிவிடுகிறேன்.

நான் மிஷன் போர்டிங்கில் படித்தவன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என் பெயர் ஆதரவற்ற பிள்ளைகள் பதிவேட்டில் இருந்தது என்பதை உன்னிடம் சொன்னதில்லை. உன் ஆச்சி அப்போது ஊரில் பீடி சுற்றிக்கொண்டு, மாதக் கடைசியில் பஸ் ஏறி வந்து என்னைப் பார்த்துப் போவாள். எனக்குப் பணம் அனுப்பிய வெளிநாட்டுக் குடும்பத்துக்கு வருடம் இருமுறை நன்றிக் கடிதம் எழுதவேண்டும். வார்டன் கரும்பலகையில் எழுதிப்போட, நாற்பது பேரும் அதையே பார்த்து எழுதுவோம். அதில் ஆச்சியைப் பற்றி ஒரு வரிகூட இராது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் விருந்தாளிகள் வருவார்கள். வரிசையாக நின்று பாடி, பென்சிலும் மிட்டாயும் வாங்கி, படத்துக்கு நிற்போம். ஒரு வருடம் இளம்பெண் ஒருத்தி மூன்று வாரம் தங்கினாள். நல்ல மனுஷி, அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. எங்களில் சிறியவனாயிருந்த ஒருவனை மடியைவிட்டு இறக்கமாட்டாள். அவள் போன பிறகு பத்து நாளுக்கு மேல் அவன் சாயங்காலமானால் வாசல் கேட்டில் போய் நின்றான். அவனைத் தூக்கிவந்து சோறு ஊட்டியவள் எங்கள் சமையல்காரம்மா. அவளை யாரும் படம் எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

இதெல்லாம் எங்கள் காலத்தோடு போனது என்றுதான் நினைத்திருந்தேன். கம்போடிய இல்லங்களைப் பற்றி 2011-இல் யுனிசெஃப் துணையோடு வெளிவந்த ஆய்வைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. 2005-இல் 154 ஆக இருந்த இல்லங்கள் 2010-க்குள் 269 ஆகியிருந்தன. அங்கிருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருந்தார்கள். இல்லத்தில் விட்டால் படிப்பும் சோறும் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றவர்களே கொண்டுவந்து விட்டார்கள். வெளிநாட்டுக் காணிக்கையும், உன்னைப்போல் நல்ல மனதோடு வருகிறவர்களும் அந்த இல்லங்களைப் பெருகவைத்தார்கள். அதன்பின் அரசாங்கம் பிள்ளைகளை வீடு சேர்க்கும் வேலையில் இறங்கியது; அதற்கு முதலில் எடுத்துக்கொண்ட மாநிலங்களில் பட்டம்பாங்கும் ஒன்று.

ஆகவே டிக்கெட் எடுக்குமுன் மிஷனுக்கு எழுதிக் கேள்: எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், எப்போதெல்லாம் வீட்டுக்குப் போகிறார்கள், வீடு திரும்பும் பிள்ளையின் படிப்புச் செலவை யார் பார்க்கிறார்கள். உன்னிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்களா? கேட்காமலே பிள்ளைகள் தூங்கும் இடம்வரை விடுகிறவர்கள் உன்னைத் தவிர வேறு யாரையும் அப்படியே விடுவார்கள். பதில் மழுப்பலாக இருந்தால் போகாதே. காணிக்கை கொடுத்த சபையாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

போனால், பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுவதைவிட அங்கேயே இருக்கப்போகிற பணியாளர்களுக்கு உன் தொழிலைச் சொல்லிக்கொடு. புண்ணுக்குக் கட்டுப்போடுவதும், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலப்பதும், எந்தக் காய்ச்சலுக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்பதும் நீ திரும்பிய பின்னும் அங்கே இருக்கும். டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி எமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்தவர், 1951-இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவேயில்லை; அவர் கல்லறைமேல் பறவைகள் நீர் குடிக்கும் தொட்டியில் ‘அம்மை’ என்று மட்டுமே பொறித்திருப்பதைச் சிறுவயதில் உனக்குக் காட்டியிருக்கிறேன். மூன்று மாதத்துக்குப் போகிறவள் அந்தப் பெயருக்கு ஆசைப்படலாகாது.

அங்கே பெரும்பாலோர் பௌத்தர்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்டுகளின் ஆட்சியில் சபையும் விகாரையும் சேர்ந்தே அழிந்தன. பசியோடிருக்கும் பிள்ளைக்குத் தட்டை நீட்டும்போது ஜெபத்தை அதற்கு விலையாக வைக்காதே. நம் வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பிஷப்பான அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், ஏழைகளுக்கு உடைமைகளைக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மிஷனெரிகள் முகத்துக்கு நேராகக் கேட்டார். இந்த முறை அதைக் கேட்கும் இடத்தில் அவர்களும், அதற்குச் செவிகொடுக்கும் இடத்தில் நீயும் இருப்பாய்.

ஆசிரியரை அவர்கள் ‘க்ரூ’ என்பார்கள், நம் குருதான். அவர்கள் எழுத்தும் பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் அவர்களுக்கும் புத்தாண்டு. அன்றைக்கு இல்லத்துப் பிள்ளைகள் ஊருக்குப் போவார்களா என்று பார். போகாமல் தங்கிவிடும் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடு. படம் எடுத்து அனுப்பவேண்டாம்.

போய்ச் சேர்ந்ததும் முதல் கடிதத்தில் அங்கே சமைக்கிற அம்மாவின் பெயரைக் கேட்டு எழுது. எங்கள் சமையல்காரம்மாவின் பெயரை ஐந்து வருடமாக நான் கேட்கவேயில்லை.

அன்புடன்,
அப்பா