அந்த ஒரு காட்சியைத் தேடிப் பாருங்கள்

உலகெங்கும் உள்ள திரைப்படக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கும், பழைய படச்சுருள்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் நடித்து 1932-இல் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஹார்ஸ் ஃபெதர்ஸ்' படத்தின் வெட்டுப்படாத பிரதி உங்களில் யாரிடமாவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லி இதை எழுதுகிறேன்.

சினிமா பேச ஆரம்பித்த புதிதில் விளையாட்டை வைத்து வந்த நகைச்சுவைப் படங்களுக்குத் தனி ருசி. ஜோ ஈ. பிரவுன் பேஸ்பாலை வைத்தே மூன்று படங்களில் நடித்தார். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸை ஒட்டி வந்த 'மில்லியன் டாலர் லெக்ஸ்', இல்லாத ஒரு நாட்டை ஒலிம்பிக்ஸுக்கு அனுப்பி வைத்தது. ஆனால் என் மனசுக்கு நெருக்கமானது 'ஹார்ஸ் ஃபெதர்ஸ்'தான். இரண்டு கல்லூரிகள் மோதும் அந்தக் கடைசி அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில், எந்தப் பக்கம் ஓடப்போகிறோம் என்பதைச் சகோதரர்களில் ஒருவரான சிக்கோ குழந்தைப் பாட்டு மெட்டில் எதிரணி காதிலும் விழும்படி சொல்லிவிடுவார். மௌனப் படத்தில் இந்தச் சிரிப்புக்கு வழியே இல்லை. இன்னொரு சகோதரர் ஹார்ப்போவோ வாய் திறக்காமல் வாழைப்பழத் தோலைப் போட்டு ஆட்களைச் சறுக்க விடுவார். அப்புறம் குப்பை வண்டியை ரதமாக்கிச் சகோதரர்கள் நால்வரும் கோல் கோட்டைத் தாண்டுவார்கள். 'டைம்' இதழே அந்த வண்டியோடு அவர்களை அட்டையில் போட்டது.

இப்படிப்பட்ட படத்தின் நடுவில் ஓர் ஓட்டை. கதாநாயகி தெல்மா டாட் அறைக்குள் சகோதரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் புகுந்து வெளியேறும் காட்சியில் படம் குதிக்கிறது, வசனம் பாதி வார்த்தையில் அறுகிறது. 1934-க்குப் பிறகு இறுகிய தணிக்கையின் கத்தரியும் பிரதியின் சேதமும் சேர்ந்து செய்த வேலை இது. வேகமே உயிரான காட்சியில் இரண்டு நொடி போனாலும் சிரிப்பு செத்துவிடும்.

தேடினால் கிடைக்குமா என்று கேட்பீர்கள். இதே சகோதரர்களின் 'அனிமல் கிராக்கர்ஸ்' படமும் இப்படித்தான் வெட்டுப்பட்டுக் கிடந்தது. அதன் முழுப் பிரதி பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தில் பத்திரமாக இருந்தது. இன்று அதை முழுசாகப் பார்க்க முடிகிறது.

எனவே, தணிக்கைக்கு முன்பே வெளிநாடு போன பிரதிகளைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். வேற்றுமொழித் தலைப்போடு இருக்கும் டப்பாக்களையும் தள்ளிவிடாதீர்கள். முழுப் படம் வேண்டாம், அந்த அறைக் காட்சி உள்ள ரீல் மட்டும் கிடைத்தாலே போதும்.

அன்புடன்,
ஒரு பழைய பட ரசிகன்