ஆச்சி வீட்டு டம்ளர்கள்

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நெட்டையன் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது. பத்திரிகை உனக்கும் வரும். பதில் தாமதமானதற்குத் திட்டுவதை நேரில் வந்து திட்டு. இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

போன வாரம் கானாடுகாத்தான் போயிருந்தேன். கோடை விடுமுறையில் ஆச்சி நமக்கு மோர் கொடுப்பாரே, வானவில் மினுமினுப்போடு ஆரஞ்சு நிற டம்ளர்கள், அவற்றை ஒரு வியாபாரி விலை பேசிக்கொண்டிருந்தார். அடியில் 'ஜெயின்' என்ற எழுத்து இருக்கிறது, உத்தரப் பிரதேசத்துக் கண்ணாடி ஊரான பிரோசாபாத் சரக்கு. "விளிம்பில் பல் போயிருக்கிறது, நடுவில் விரிசல், குமிழி வேறு" என்று சொல்லி, ஏறக்குறைய பழைய பாட்டில் விலைக்குக் கேட்டார். ஆச்சியும் தலையாட்டிவிட்டார்.

நான் ஒன்றை எடுத்து முற்றத்து வெயிலில் பிடித்தேன். பல் போன இடம் என்று அவர் காட்டிய பள்ளத்துக்குள்ளும் அந்த மினுமினுப்பு இறங்கியிருந்தது. அச்சிலிருந்து எடுத்த கண்ணாடி சூடாக இருக்கும்போதே உலோக உப்புக் கரைசலைத் தெளித்துத்தான் அந்த நிறத்தை ஏற்றுவார்கள். பிறகு உடைந்த இடமென்றால் அங்கே நிறம் ஏது? உருகிய கண்ணாடிக் குழம்பு அச்சில் நிரம்பாமல் நின்ற இடம் அது; ஓரமெல்லாம் உருண்டு வழவழவென்று இருந்தது. விரிசல் என்றதும் அப்படித்தான். குழம்பைக் கத்தரித்து அச்சில் விடும்போது வெட்டுப்பட்ட இடம் சற்றுக் குளிர்ந்து கோடாகத் தங்கிவிடும். எப்படித் திருப்பினாலும் அது மங்கலாகவே தெரியும். உண்மையான விரிசல் ஒரு கோணத்தில் சட்டென்று பளிச்சிடும்.

ஒன்றில் மட்டும் உண்மையிலேயே சில்லு போயிருந்தது. கிளிஞ்சலின் உட்புறம் போல வளைவளைவாக அலைகள், விரலைக் கிழிக்கும் ஓரம், உள்ளே நிறமில்லாத வெறும் கண்ணாடி. அதை ஆச்சியிடமும் சொன்னேன்.

பேரம் பேசுவதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் வாங்கும்போது பிறவிக் குறையை உடைசல் என்பதும், விற்கும்போது உடைசலை "அந்தக் காலத்து வேலை அப்படித்தான்" என்பதும் அநியாயம். எண்பது வயதுப் பெண்ணிடம் அதைச் செய்வது பெரிய அநியாயம். முதலாவது ஆச்சியிடம் நடந்தது. இரண்டாவது உன்னிடம் நடக்கப்போகிறது என்று பயப்படுகிறேன்.

நீ வாங்க நினைத்துப் படம் அனுப்பிய ஜோடிக் கண்ணாடிப் பூச்சாடியில் உள்ளே வெண்மை படர்ந்திருக்கிறது. தயாரிப்பிலேயே அப்படித்தான் என்று கடைக்காரர் சொன்னாராம், நீயும் நம்பிவிட்டாய்! கோலி சோடா பாட்டிலுக்குள் கோலி எப்படிப் போனது என்று வாத்தியாரையே விடாமல் குடைந்தவன் நீ; இப்போது எங்கே போனது அந்தச் சந்தேக புத்தி? தண்ணீர் வருடக்கணக்கில் தேங்கினால் கண்ணாடியிலுள்ள காரம் கரைந்து மேற்பரப்பு அரித்துப்போகும். வெறும் உப்புப் படிவு என்றால் வினிகரில் ஊறவைத்தால் போய்விடும், அரிப்பு போகாது. நனைந்திருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்ப வரும். அதை மறைக்க உள்ளே எண்ணெய் தடவி விற்பவர்களும் உண்டு. ஆகவே விரலை விட்டுத் தடவிப் பார்.

குமிழி பிறவிக் குறை; அதற்காக விலை குறைக்கச் சொல்லாதே, அது நியாயமில்லை. வாய் விளிம்பைத்தான் கவனிக்க வேண்டும். படத்தில் ஒன்றின் வாய் தட்டையாகத் தெரிகிறது. உடைந்த வாயைச் சாணை பிடித்திருக்கலாம். இரண்டையும் சமதளத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை அள. ஒன்று குட்டையாக இருந்து, அதன் பூவேலைப்பாடும் விளிம்பில் பாதியில் அறுந்து நின்றால் விட்டுவிட்டு வா.

ஆச்சி டம்ளர்களை விற்கவில்லை. பேத்திக்குச் சீராகக் கொடுக்கப்போகிறாராம்.

முன்பணம் கொடுத்துவிட்டாயா? இல்லையென்றால் அளந்து பார்த்துவிட்டு உடனே எனக்குப் போன் செய்.

அன்புடன்,
செல்லூரான்