பாட்டிலின் முன்பக்கத்தை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குளிர்பான நிறுவனங்களில் லேபிள் தயாரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதுவதைப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன், பெரும்பாலும் குடித்து முடித்த பிறகு.

போன வாரம் 600 மில்லி கோலா பாட்டில் ஒன்றின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். சர்க்கரை 21 கிராம் என்று இருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தக் கட்டத்தின் தலைமாட்டில் 'ஒரு முறை அருந்தும் அளவு: 200 மில்லி' என்ற வரி கண்ணில் பட்டது. அந்தப் பாட்டிலை வாங்கி, மூன்றில் ஒரு பங்கை மட்டும் குடித்துவிட்டு மூடி வைக்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. திறந்த பாட்டிலில் கேஸ் நிற்காது என்பது உங்களுக்குத் தெரியாததா?

சரி, நானே கணக்குப் போட்டேன். மொத்தம் 63 கிராம். டீஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் கிட்டத்தட்ட 16 ஸ்பூன். டம்ளரில் அளந்து கொட்டிப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கு ஏறி நின்றது. ஒரு கப் டீயில் ஐந்து ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் முதல் வாயிலேயே துப்பிவிடுவேன். இதை மட்டும் எப்படிக் குடிக்கிறேன்? அதில் கொஞ்சம் மீதம் வைத்து, மறுநாள் காலை கேஸ் போய், குளிர் போனபின் ஒரு மடக்கு குடித்தேன். பாகு! குளிர்ச்சியும் கேஸும் சேர்ந்து எவ்வளவு தித்திப்பை மறைக்கின்றன என்பது அப்போதுதான் நாக்கில் தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சர்க்கரை எல்லாம் சேர்ந்து, ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், அல்லது 25. உங்கள் ஒரே பாட்டில் இரண்டையும் தாண்டிவிடுகிறது.

எடை விஷயத்தில் திரவம் செய்யும் வேலை தனி. 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறிய ஆய்வில் 15 பேருக்கு தினமும் 450 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள்: நான்கு வாரம் ஜெல்லி மிட்டாயாக, நான்கு வாரம் சோடாவாக. மிட்டாய் தின்ற நாட்களில் அவர்கள் தங்களை அறியாமலே மற்ற சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த நாட்களில் குறைக்கவில்லை, எடை ஏறியது. வயிறு குடித்ததைக் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை போலும். பதினைந்து பேரை வைத்து உலகத்தைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்ட செவிலியர்களை 1991 முதல் 1999 வரை கவனித்தார்கள். சர்க்கரைப் பானம் வாரம் ஒன்று அல்லது அதற்கும் குறைவு என்றிருந்து தினம் ஒன்று அல்லது அதற்கு மேல் என்று மாறியவர்களுக்குத்தான் எடை அதிகம் கூடியது.

இனி உங்கள் இன்னொரு பாட்டில், அதாவது சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு சேர்த்த 'ஜீரோ' என்னும் டயட் பானம். அதில் கலோரி இல்லை என்று எழுதுவது பொய்யில்லை. சர்க்கரைப் பானத்தை விட்டு இதற்கு மாறியவர்களுக்கு எடை கொஞ்சம் இறங்கியதாகச் சோதனைகள் சொல்கின்றன. ஆனால் மக்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில் டயட் பானம் குடிப்பவர்களின் எடை கூடுவதாகவே பலமுறை வருகிறது. குடை பிடித்தவர்கள் எல்லாம் மழையைக் கொண்டுவந்தவர்கள் இல்லை. எடை ஏறியதால்தான் பலர் டயட் பானத்துக்குப் போயிருப்பார்கள். எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இந்தக் குழப்பம் தீராததால்தான் அதை உறுதியாகச் சொல்லாமல் நிபந்தனையுடன் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை இல்லை.

என் கதையும் அதுதான். இரண்டு வருடம் ஜீரோதான் குடித்தேன், பெல்ட்டில் ஒரு துளைகூட உள்ளே போகவில்லை. காரணம் அதிலுள்ள அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'அதுதான் ஜீரோவாச்சே' என்று ஒவ்வொரு முறையும் தட்டில் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டேன். அந்த பாட்டிலின் மேல் மெலிந்த இடுப்பு ஒன்றின் படம் இருந்தது. அந்தப் படத்தைத்தான் நீக்கச் சொல்கிறேன்.

சர்க்கரை அளவைப் பொறுத்தவரை, முழு பாட்டிலுக்கும் எவ்வளவு என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். முடியாத காரியமில்லை. சிலியில் 2016 முதல் சர்க்கரை அதிகம் என்று எச்சரிக்கும் கறுப்பு எண்கோண முத்திரை முன்பக்கத்திலேயே இருக்கிறது. பிரிட்டனில் 100 மில்லிக்கு 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் வரி என்று 2018 ஏப்ரலில் வந்தது. அது வருவதற்கு முன்பே பல பானங்களின் செய்முறை மாறி, சர்க்கரை குறைந்துவிட்டது. வேண்டும் என்றால் உங்களுக்குச் செய்யத் தெரிகிறது.

அதுவரை மார்க்கர் பேனாவால் நானே எழுதிக்கொள்கிறேன். அலுவலக ஃபிரிட்ஜில் இருந்த என் பாட்டிலில் '63 கி, 16 ஸ்பூன்' என்று எழுதி வைத்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் அதைக் கையில் எடுத்து, ஒரு நிமிடம் பார்த்து, "இது முழு பாட்டிலுக்குமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். தன் பாட்டிலை நீட்டி, இதிலும் எழுதிக் கொடு என்றார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளன்