கிரானைட்டும் அமெரிக்க வரியும்

ஐயா,

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். 2025 ஆகஸ்ட் 27-இல் பல இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க இறக்குமதி வரி 50 சதவீதமானதும், அங்கே வரி கட்டும் இறக்குமதியாளர் எங்களிடம் விலையைக் குறைக்கச் சொன்னார். ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த கல் பலகைகள் (ஸ்லாப்கள்) மரச்சட்டத்தோடு யார்டிலேயே நின்றன.

தன் தொழிலைக் காக்க வரி போடுவது அவர்கள் உரிமை, சரி. வெளிநாட்டு வேளாண் பொருளுக்கு நாமும் அதிக வரி போடுகிறவர்கள்தானே. ஆனால் ரஷ்யக் கச்சா எண்ணெயை நம்மைவிட அதிகம் வாங்கும் சீனாவை விட்டுவிட்டு, அதற்காக நமக்கு மட்டும் 2025-இல் கூடுதலாக 25 சதவீதம் விதித்தது அநியாயம். இப்படி வரி வரும்போது நம் அரசு கணக்கோடு எடுத்துச் சொல்லிப் பேச வேண்டும். கொடும்பாவி கொளுத்துவதால் எங்கள் சரக்கு நகராது. அப்புறம், வேறு நாடுகளில் ஆர்டர் பிடிக்கச் சிறு ஆலைகளுக்கு அரசு கைகொடுக்க வேண்டும்.

வாசகர், பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்