கேப்டன் புதியவர்களோடும் ஆடட்டும்

ஐயா,

கோல்ஃப் கிளப் கேப்டன் ஒருவரின் ஓராண்டுப் பணிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பொறுப்பேற்கும் நாளில் முதல் பந்தை அடிப்பது, கேப்டன் கோப்பைப் போட்டி, மற்ற கிளப்புகளுக்கு அணியோடு செல்வது, அப்புறம் பரிசளிப்பு விருந்துகள் என்று ஆண்டு முழுக்க ஓட்டம்தான். ஊதியம் இல்லாமல் இத்தனையும் செய்பவரை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் சொந்த கிளப்பின் புதிய உறுப்பினர்களுக்கென்று ஒரு நாள்கூட இல்லாதது வருத்தமளிக்கிறது.

திறமை வேறுபாடு இதற்குத் தடையே இல்லை. ஹேண்டிகேப் என்பது ஒருவரின் திறமையைப் பொறுத்து அவருக்குத் தரப்படும் சலுகை அடிகளின் கணக்கு; திறமை குறைந்தவருக்கு அது அதிகம். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், ஒருவரின் கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8 சுற்றுகளின் சராசரியே அடிப்படை. ஹேண்டிகேப் 54 வரை இருக்கலாம். ஆகவே அண்மையில் சேர்ந்தவரும் கேப்டனும் ஒரே போட்டியில் நியாயமாக மோத முடியும். எங்கள் கிளப்பில் முன்பிருந்த கேப்டன் ஒருவர், சனிக்கிழமைகளில் ஜோடி கிடைக்காமல் நிற்பவர்களைத் தேடிப்பிடித்துத் தன் குழுவில் சேர்த்துக்கொள்வார். அப்படி ஆடியவர்களில் சிலர் இன்று நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள். எனவே, ஆண்டு அட்டவணை போடும்போதே மாதம் ஒரு நாளைப் புதியவர்களுக்கு ஒதுக்கி, அறிவிப்புப் பலகையில் அவர்கள் பெயர் எழுத கிளப்புகள் இடம் விடலாம். வெளிக் கிளப் பயணங்கள் ஒன்றிரண்டு தவறினால் பரவாயில்லை. துணைக் கேப்டன் போய் வரட்டும், அவருக்கும் பொறுப்பு பழகும்.