ஊழியர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: நோய்த்தடுப்பு மருத்துவச் சலுகைகள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நமக்குள்ள நோய்த்தடுப்பு மருத்துவச் சலுகைகளை உறுப்பினர்கள் பயன்படுத்தச் செய்வதையே செயற்குழு இவ்வாண்டின் முதன்மைப் பணியாக மேற்கொண்டது. ஆண்டுக்கொரு முறை கட்டணமில்லா உடல் பரிசோதனை, தடுப்பூசிகள், பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை, புகைப்பழக்கத்தைக் கைவிட ஆலோசனை ஆகியவற்றைப் பேச்சுவார்த்தை நடத்திப் பெற்ற நாமே, அவற்றை ஏட்டளவில் கிடக்க விட்டிருந்தோம். சந்தா, வரவு செலவு முதலியவை பொருளாளரின் அறிக்கையில் இருப்பதால், இங்கு இந்த ஒன்றைப் பற்றி மட்டும் கூறுகிறேன்.

முதல் சில மாதங்களில் சுவரொட்டி ஒட்டினோம், சுற்றறிக்கை அனுப்பினோம். பயன் ஏதும் இல்லை. சுற்றறிக்கையை எழுதியவன் என்ற முறையில் அதன் பொறுப்பு என்னுடையது. பின்னர்ப் பிரிவு வாரியாக நேரில் பேசியபோதுதான், உறுப்பினர்கள் விவரம் அறியாமல் ஒதுங்கியிருக்கவில்லை என்பது தெரிந்தது. பரிசோதனைக்குச் சென்றால் அரை நாள் விடுப்புப் போகிறது. முடிவுகள் மேலாளர் கைக்குச் செல்லுமோ என்ற அச்சம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் மேலாக, ஏதேனும் நோய் இருப்பதாகச் சொல்லிவிடுவார்களோ என்ற கலக்கம். மூன்றாவதைப் பலரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் அதுவே பெரிது என்பது என் கணிப்பு.

முதல் இரண்டு காரணங்களையும் நிர்வாகத்திடம் எடுத்துச் சென்றோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1985-இல் ஏற்ற 161-ஆம் உடன்பாட்டின் 12-ஆம் பிரிவு, தொழிலாளர் உடல்நலக் கண்காணிப்பால் ஊதிய இழப்பு நேரக்கூடாது என்றும், அது இயன்றவரை கட்டணமின்றியும் வேலை நேரத்திலும் நடைபெற வேண்டும் என்றும் கூறுகிறது. அப்பிரிவு வேலை தொடர்பான கண்காணிப்பையே குறிக்கிறது என்று நிர்வாகத் தரப்பு சுட்டிக்காட்டியது சரியே. ஆயினும் அதன் நெறி இங்கும் பொருந்தும் என்ற நமது வாதம் ஏற்கப்பட்டு, பரிசோதனைக்குச் செல்லும் நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்படுகிறது. முடிவுகள் உறுப்பினருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரியும் என்ற எழுத்துமூல உறுதியும் பெறப்பட்டது. அந்த உறுதிமொழியின் நகல் வந்த பிறகே பதிவுப் பட்டியல் நீளத் தொடங்கியது.

மூன்றாவது காரணத்துக்கு உடன்பணியாற்றுவோரின் பேச்சே மருந்தாயிற்று. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது என்பதால், "எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை" என்று சொல்பவரே அளந்து பார்க்க வேண்டியவர் என்பதையும், வெவ்வேறு நாட்களில் எடுத்த அளவு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரைக் காண வேண்டும் என்பதையும், ஏற்கெனவே மாத்திரை உட்கொள்ளும் உறுப்பினர்கள் தம் அனுபவமாகவே எடுத்துக் கூறினர். எச்பிஏ1சி என்னும் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டுவது, அதில் 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை, இன்னும் திரும்பிவர வழியுள்ள கட்டம் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு, 30 வயது முதல் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை, அதற்குக் காரணமான எச்பிவி வைரஸ் உள்ளதா என்று பார்க்கும் பரிசோதனை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதற்கான கூட்டத்தை மகளிர் பிரிவு ஆண்கள் யாரும் இல்லாமல் தனியே நடத்தியது, அம்முடிவு சரியானது.

தலை முதல் கால் வரை அனைவருக்கும் ஸ்கேன் எடுக்கும் வசதி கேட்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினர். செயற்குழு அதை ஏற்கவில்லை. அறிகுறி இல்லாதவர்களிடம் நோய் கண்டறியும் திட்டங்களுக்கென வில்சன், யுங்னர் என்னும் மருத்துவத் துறை வல்லுநர்கள் இருவரும் 1968-இல் வகுத்த பத்து நெறிகளில், கண்டறியப்படும் நோய்க்கு ஏற்கப்பட்ட சிகிச்சை இருக்க வேண்டும் என்பதும், கண்டறிதல் ஒரே தடவையில் முடிந்துவிடாமல் தொடர்ந்து நடைபெற வேண்டும் என்பதும் அடங்கும். தேவையற்ற ஸ்கேன், தீங்கற்ற ஒரு சிறு புள்ளியைக் காட்டி மாதக்கணக்கில் உறக்கத்தைக் கெடுப்பதும் உண்டு.

ஆனால் அதே நெறிகளை வைத்துப் பார்த்தால் நாமும் தவறியிருக்கிறோம். பரிசோதனைக்கு அனுப்பியதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம். மறுபரிசோதனைக்கு வரச் சொல்லப்பட்டவர்களில் சிலர் செல்லவே இல்லை. இரகசியம் காக்கப்படுவதால் அவர்கள் யார் என்று சங்கம் கேட்கவும் இயலாது, கேட்கவும் கூடாது. ஆகவே மருத்துவ மையமே அவர்களை நேரடியாக அழைத்து நினைவூட்டும் ஏற்பாட்டைக் கோரியுள்ளோம். மறுபரிசோதனை நேரத்தையும் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும் என்ற கோரிக்கைக்கு இன்னும் பதில் வரவில்லை. இரவுப் பணியாளர்களுக்கு உகந்த நேரத்தில் மையம் திறந்திருப்பதில்லை. ஒப்பந்த ஊழியர்கள் இச்சலுகைகளுக்குள் வரவே இல்லை. நம்முடன் ஒரே கூரையின் கீழ் உழைப்பவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் பயன்பெறுவது எனக்கு உறுத்தலாகவே உள்ளது. இவை குறித்த வரைவுத் தீர்மானங்கள் இவ்வறிக்கையுடன் இணைக்கப்பட்டுள்ளன. பொதுக்குழு அவற்றை விவாதித்து முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்