வடசென்னைய சுத்திப் பாக்க கார் எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பௌர்ணமி வந்தா திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு வெளியூர் ஜனம் வேன் வேனா வருது, நிறுத்த இடமில்லாம தெருவ அடைச்சிக்கிட்டு ஏசிக்காக இன்ஜின ஓட விட்டே நிக்குறாங்க, அந்தப் புகையிலதான் வயசானவங்க அர்ச்சனத் தட்டோட நடந்து போறாங்க. 2021லயே மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்துடுச்சு, தேரடின்னே ஒரு ஸ்டேஷன் இருக்கு, எறங்குனா கோயில் நடக்குற தூரம்தான். இத வெளியூர்க்காரங்களுக்கு யாரு சொல்றது?

ஆனா காசிமேடு மீன் மார்க்கெட், 1856ல தொறந்த ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன், எண்ணூர் முகத்துவாரம் இதெல்லாம் ஒரே நாள்ல பாக்கணும்னா கார் புடிக்காம முடியல. 2025 ஜூன்ல வியாசர்பாடி டெப்போல இருந்துதான் 120 எலக்ட்ரிக் பஸ் விட்டாங்க, அதுல நாலஞ்ச சனி ஞாயிறு மட்டுமாவது இந்த எடத்துக்கெல்லாம் சுத்தி விடலாமே! வாடகை சைக்கிளும் நல்ல யோசனதான், ஆனா எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல யாரையும் ஓட்டச் சொல்ல மனசு வராது, தனிப் பாதை போட்டாதான் ஆகும். டூரிஸ்ட் வந்தா எங்க கடைக்காரங்களுக்குப் பொழப்பு, சந்தோஷம், ஆனா லாரிப் புகையே எங்களுக்குத் தாங்கல. அதனால மொதல்ல பஸ்ஸ விடுங்க, ரூட்ட பெருசா எழுதி சென்ட்ரல்ல வைங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தண்டையார்பேட்டை